வீடு கிளம்பும் நேரம்

ராகு காலம் முடியட்டும்ங்க, அதுவரைக்கும் நிதானமாப் பாருங்க என்று சொல்லிவிட்டு ஜெகநாதன் தகரக் கொட்டகைக்குள் போய்விட்டான், பழைய வண்டிகளை வாங்கிப் புதுசாக்கி விற்கிறவன், இரண்டு கையிலும் இரண்டு போன், ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அட்வான்ஸைத் தொடக்கூட மாட்டானாம், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காது தேய உட்கார்ந்திருந்தவள், ராகு காலத்தில் வந்த டிரங்க் கால்களில் பிள்ளை பிறந்த சேதியும் இருந்தது, ஆள் போன சேதியும் இருந்தது, சேதிக்கு நேரம் காலம் கிடையாது தம்பி என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை, ஏனென்றால் எந்த வண்டி என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை, ராகு தயவில் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் கரூரில் ஒரே பட்டறையில் பாடி கட்டின வீட்டு வண்டிகள், உள்ளேயே படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தவை. ஒன்றை ஜெகநாதன் தகடு மாற்றி, பெயின்ட் அடித்து, மெத்தை தைத்து, பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு இருந்ததுபோல ஆக்கி வைத்திருக்கிறான், மேலே பச்சை, கீழே கிரீம். இன்னொன்று துருவும் தூசியுமாக, யாரும் கை வைக்காமல், அப்படியே நிற்கிறது, அதை நான் எடுக்காவிட்டால் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஓட்டல்காரர் வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து ஜூஸ் கவுன்ட்டர் போடப்போகிறாராம். இரண்டு வண்டிக்கும் நடுவில் பூவரச மரத்தடியில் என் அண்ணன் சென்னியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்குகிறார், மடியில் அவருடைய செருப்பு, அதன்மேல் இரண்டு கையும். அவருக்காகத்தான் வண்டி. திங்கட்கிழமை அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதென்று அவர் மகன் முடிவு செய்திருக்கிறான், அதற்குள் அத்தைக்காரி நான் வேறு வழி காட்ட வேண்டும்.

பழக்க தோஷம், செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் பழைய வண்டிக்குள் ஏறினேன். உள்ளே மண்ணெண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது, அல்லது இருக்கிறதாக என் மூக்கு சொல்கிறது, இந்த வயசில் மூக்கை நம்ப முடியாது, அது தனக்குப் பிடித்ததைச் சொல்லும். ரெக்சின் பெஞ்சு வெடித்துத் தேங்காய் நார் வெளியே வந்திருக்கிறது, உட்கார்ந்தால் குத்துகிறது, ஜன்னல் கண்ணாடியை நகர்த்துகிற பித்தளைப் பிடி பச்சை பூத்துக் கிடக்கிறது, தொட்டதும் கட்டைவிரல் தானாக உள்ளே போய்ப் பக்கவாட்டில் தள்ளியது, எனக்கு மறந்தது என் கைக்கு மறக்கவில்லை. கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனி ஒன்று இந்த மாதிரி மூன்று வண்டிகளைக் கரூரில் கட்டவைத்தது, இங்கே நிற்கிற இரண்டும் அந்த மூன்றில் சேர்ந்தவை, பின்பாதியில் மோட்டாரும் இன்ஜினும் குழாயும், முன்பாதியில் ஆள் தங்க இடம், ஊர் ஊராகப் போய்க் கிணற்றில் பம்பை இறக்கித் தண்ணீர் விழுவதைக் காட்டுவதுதான் வேலை, அதில் ஒரு வண்டி அப்பாவிடம் இருந்தது. கம்பெனி வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது, ஆனால் மே மாதத்தில் மானேஜர் கண்டுகொள்ள மாட்டார், பள்ளிக்கூடம் மூடின மறுநாளே அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் ஏறிவிடுவோம், உடுமலை, தாராபுரம், பழனி, ஒட்டன்சத்திரம், அப்பா எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் ஊர், கதவைத் திறந்தால் வாசல். சிங்காநல்லூரில் வாடகைக்கு ஒரு வீடு இருந்தது, அதை நாங்கள் ரூம் என்றுதான் சொல்வோம், வீடு என்றால் இந்த வண்டிதான், காலையில் அப்பா ஹாரனைத் தட்டி, வீடு கெளம்புது, ஏறிக்குங்க என்பார். குழாயில் தண்ணீர் முதல்முதலில் துப்பிக்கொண்டு வரும்போது தோட்டத்துக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், சிலர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குக் கும்பிடு போடுவார்கள், அண்ணன் டவுசரோடு அந்தத் தண்ணீருக்கடியில் போய் நிற்பான், சின்ன வயசு அண்ணனை நினைத்தால் எனக்கு அவன் என்றுதான் வருகிறது, மரத்தடியில் தூங்குகிறவர்தான் அவர். என் கொலுசெல்லாம் சேறு, அம்மா திட்டுகிறாள், திட்டிக்கொண்டே சிரிக்கிறாள், அம்மா வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அப்படிச் சிரிப்பாள். அந்த மாதிரி மே மாதங்கள் எங்களுக்கு ஏழோ எட்டோதான் கிடைத்திருக்கும், ஆனால் நினைத்துப் பார்த்தால் என் சின்ன வயசு முழுக்க மே மாதமாகத்தான் இருந்தது.

செருப்புதான் சிக்கல். வீடென்று ஆகிவிட்ட பிறகு செருப்போடு உள்ளே வர அம்மா விடமாட்டாள், உள்ளே சாமி படம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆகவே நாலு பேர் செருப்பும் படிக்குக் கீழே மண்ணில் வரிசையாக, எல்லார் வீட்டு வாசலிலும் கிடக்கிற மாதிரி. மற்ற வாசல்கள் கிளம்பிப் போவதில்லை, இது போகும், அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. முதல்முறை குடிமங்கலத்தில் விட்டுவிட்டுத் தாராபுரத்தில் போய் இறங்கினால் நாலு பேரும் வெறுங்கால், ரோடு கொதிக்கிறது, அப்பா கம்பெனி சட்டையும் டையுமாக வெறுங்காலில் நின்று ஒரு பெரிய பண்ணைக்காரரிடம் பம்பைப் பற்றிப் பேசினார், இதென்னங்க வேண்டுதலா என்று அவர் கேட்டாராம், ஆமாங்க, பழனிக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மறுபடியும், அதில் அம்மாவின் புதுச் செருப்பு போயிற்று, பம்பு விற்கிறீங்களோ இல்லையோ, கொங்கு நாடு பூராவும் செருப்பு விதைச்சுட்டுப் போறீங்க என்று சித்தப்பா கேலி செய்வார். பிறகு அந்த வேலை அண்ணனுக்கு வந்தது, கிளம்புமுன் எல்லாச் செருப்பையும் எடுத்துப் பெஞ்சுக்கடியில் இருக்கிற பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அப்பா, எல்லாருதும் ஏத்தியாச்சுங்க என்று குரல் கொடுக்க வேண்டும், அது கேட்டால்தான் வீடு நகரும். ஒரு விடிகாலை கேட்காமலே நகர்ந்தது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் புளியமரச் சாலை, அன்றைக்குக் கிணறு தூரத்தில், நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்து அப்பா எழுப்பாமல் வண்டியை எடுத்துவிட்டார், பாவம், பிரியத்தில் செய்ததுதான். அண்ணன் செருப்பெடுக்கக் கீழே இறங்கியிருந்தான். அம்மா கண்விழித்து மேல் பெர்த்துக்குக் கையை நீட்டினாள், போர்வைதான் கையில் வந்தது, அப்போது அம்மாவிடமிருந்து வந்த சத்தத்தை அதற்குப் பிறகு எந்தப் போனிலும் நான் கேட்டதில்லை. வண்டியைத் திருப்பினோம், ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே வந்தோம், எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது, கடைசியில் இருந்தான், அதே இடத்தில், டயர்த் தடத்துக்கு நடுவில், நாலு ஜோடிச் செருப்பையும் மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு. அழவில்லை, வண்டி நின்ற பிறகு ஏறவும் இல்லை. வீடு போயிருச்சு என்றான், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறதுபோல. பிறகு அது எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிற கதை ஆயிற்று, கல்யாண வீடுகளில் அவனே எழுந்து நின்று நடித்துக்காட்டுவான், அவன் மின்வாரியத்தில் இன்ஜினியராகி, மாலை போட்டுக்கொண்டு ரிட்டையராகி வீட்டுக்கு வந்த அன்றைக்கும் சொன்னான், நாங்களும் சிரித்தோம்.

இப்போது அவர் நினைவிலிருந்து மின்வாரியம் போய்விட்டது, அண்ணி பெயர் போய்விட்டது, அண்ணி செத்துப்போனதும் போய்விட்டது, பெற்ற மகன் பிரபாகரனை மானேஜர் சார் என்கிறார், அந்த விடிகாலை மட்டும் போகவில்லை. பிரபாகரன் இருக்கிற அபார்ட்மென்ட்டில் எந்த வாசலிலும் செருப்பு தங்குவதில்லை, இருக்கிறதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தன் படுக்கையில் போர்த்தி வைத்துவிடுகிறார், ஸ்கூல் பிள்ளைகளின் ஷூ, மேல்வீட்டு டாக்டரின் செருப்பு, தண்ணீர்க் கேன் போடுகிறவருடையதைக்கூட விடுவதில்லை, இனி இவரை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாதென்று அசோசியேஷன் மீட்டிங்கில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பிரபாகரன் கெட்டவனில்லை, எத்தன நாளைக்கு அத்தை நான் ஒவ்வொரு கதவாத் தட்டிச் செருப்புக் குடுக்கறது என்று கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போலாம் என்று ஆரம்பிப்பார், சிங்காநல்லூருக்குக் கூட்டிப் போனோம், அவரே கட்டின வீட்டுக்குக் கூட்டிப் போனோம், வாசலோடு திரும்பிவிட்டார், எதுவும் வீடில்லை. போன மாதம் பால்கனியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மிணி, வீடு கெளம்பீருச்சா என்று கேட்டார், அப்போதுதான் எனக்கு உறைத்தது, கிளம்புகிற வீடு எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. இருகூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டி நிற்க இடமிருக்கிறது, அதில் அவர் அடங்கினால் கடைசிவரை என்னோடு இருக்கட்டும், நான் தனிக்கட்டை, எனக்கும் பேச்சுத் துணை. அடங்காவிட்டால். அடங்காவிட்டால் என்ன என்கிற இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது, வாசலில் செருப்பு ஸ்டாண்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சரி, வண்டிக்கு வா, வசந்தாமணி, வண்டியை யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் புதுசாக்கினது வேண்டாம், அது முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிற கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது, சன்மைக்கா பளபளக்கிறது, மெத்தையில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் கவர் கிறீச்சிடுகிறது, உள்ளே பெயின்ட் நெடி, பழைய போட்டோ பார்த்து ஒரு இஞ்ச் மாறாமச் செஞ்சிருக்கறனுங்க என்று ஜெகநாதன் சொல்கிறான், அவன் செய்தது அவன் செய்ததுதானே, அதில் எங்கள் கை பட்ட இடம் ஒன்றாவது உண்டா. மனுஷனே பாதி அழிந்து நிற்கிறார், அவருக்கு அழியாமல் மிச்சமிருப்பதைத்தானே கொடுக்க வேண்டும், இந்தத் துரு நிஜம், இந்தப் பித்தளைப் பிடி நிஜம். கூரை ஒழுகும், அடித்தகடு இற்றுப்போயிருக்கிறது, தேள் வரும் என்று அவனே எச்சரித்தான், வரட்டும், ஆள் வைத்து அடைத்துக்கொள்ளலாம்.

காலை நீட்டலாம் என்று பெஞ்சில் படுத்தேன், இந்த இடத்தில்தான் நான் படுப்பேன், இந்த இடம் என்றால் எங்கள் வண்டியில், மூன்று வண்டியில் எது எங்களுடையது என்று யார் கண்டது, நம்பர் மாறிவிட்டது, கம்பெனியும் இழுத்து மூடிவிட்டது, மேலே அண்ணனுடைய பெர்த், அதன் அடிப்பலகையைப் பார்த்தபடிதான் தூங்குவேன், பலகையில் மரக்கணு இரண்டு வட்டம் வட்டமாக, நடுவில் ஒரு கோடு, கீழே வளைந்த ரேகை, கண்ணாடி போட்ட வாத்தியார் என்று பேர் வைத்திருந்தேன், கணக்கு வாத்தியார், ஒருநாளும் சிரிக்க மாட்டார், ராத்திரி பயந்தால் அண்ணன் மேலிருந்து கையைத் தொங்கவிட்டு வாத்தியார் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். மேலே பார்த்தேன். தூசி. முந்தானையால் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றது. கண்ணாடி, கோடு, வளைந்த உதடு, அரை நூற்றாண்டாக அதே கோபத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு மரத்தில் இதே முகம் முளைக்காது. எங்கள் வண்டிதான், இதுதான், அம்மா கை நீட்டியது இந்தப் பலகைக்கு மேலேதான், அப்பா வெறுங்காலோடு மிதித்தது அந்த பிரேக்கைத்தான், எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்ததோ தெரியவில்லை, இனி என்ன யோசனை, ராகுவாவது கேதுவாவது, இதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடாத குறையாக மரத்தடிக்குப் போனேன், சரளைக்கல் காலில் குத்தியது, அதுகூட உறைக்கவில்லை.

அண்ணனைத் தொட்டு எழுப்பினேன். வீட்டுக்குப் போலாங்ண்ணா என்றதும் சட்டென்று எழுந்துவிட்டார், செருப்பை ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு என் பின்னால் வந்தார். பழைய வண்டியின் படிக்கு முன்னால் நின்றார். துருவைப் பார்த்தார், இற்றுப்போன கதவைப் பார்த்தார், உள்ளே எட்டிப்பார்த்தார், ஊருக்குப் புதிதாக வந்த ஆள் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார். ஏறுங்கண்ணா என்றேன். உள்ளே வாத்தியார் இருக்கறார், வந்து பாருங்க என்றேன். அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பாவம் அம்மிணி, யாரோ இருந்த வீட்டப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நாம உள்ள போகக் கூடாது."

கையைப் பிடித்து இழுத்தேன், நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, அவர் செருப்பை மார்போடு கட்டிக்கொண்டு பின்வாங்கினார், அந்தப் பிடி, அதே பிடி, புளியமரத்தடியில் பார்த்த பிடி. விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பினார், வெயிலில் அந்தப் பச்சையும் கிரீமும் பளபளத்துக்கொண்டு நின்றன, அவர் முகத்தில் ஒரு அவசரம் வந்தது, வண்டி கிளம்பிவிடுமோ என்கிற அவசரம், இவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. படியில் ஏறினார், தலை இடிக்கிற இடத்தில் தானாகக் குனிந்தார், நேராகப் பெஞ்சுக்குப் போய் அடியில் கையை விட்டார், ஜெகநாதன் அந்தப் பெட்டியைக்கூட விடாமல் செய்து வைத்திருக்கிறான், மூடியைத் தூக்கிச் செருப்பை உள்ளே வைத்தார், மூடினார், மூடின கையால் மூடியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு உட்கார்ந்து இரண்டு கையையும் வெறுமனே தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளைக் காலியாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. அவர் மூச்சை இழுத்து அந்தப் பெயின்ட் நெடியை முகர்ந்தார், நான் அப்போதுதான் யோசித்தேன், அப்பா வண்டியை முதன்முதலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு இதே நெடிதான், நாங்கள் ஏறின வண்டியில் துரு கிடையாது, அந்தப் பித்தளைப் பிடியில் பச்சை கிடையாது, பெஞ்சு வெடித்திருக்கவில்லை. துரு நான் சேர்த்துக்கொண்டது. எனக்குத்தான் அது பழசு, அவனுக்கு நேற்றுக் காலை. வாத்தியார் இருக்கிற வீட்டில் அவன் ஏற மாட்டான், ஏறின வீட்டில் வாத்தியார் இல்லை. அந்தப் பலகையை மட்டும் கழற்றித் தரச்சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு ஆசை வந்தது, இங்கே கொண்டுவந்து பொருத்தினால் பழம்பலகை ஒன்று அவன் கண்ணில் படும், வேண்டாம்.

"அம்மிணி, உன்ற செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன், வெறுங்கால். அந்தப் பக்கம், பழைய வண்டியின் படிக்குக் கீழே, என் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. போய் எடுத்துட்டு வா, சீக்கிரம் என்றான், குரலில் பயம் இருந்தது, எனக்காகப் பயந்தான், நான் இறங்கி நடந்தேன். எதிரே ஜெகநாதன் வந்தான், எதுன்னு முடிவாச்சுங்களாம்மா என்று கேட்டான், புதுசு என்றேன், அப்ப பழசுக்கு ஓட்டல்காரருக்குப் போன் போட்டர்றனுங்க என்றான், போடு தம்பி என்று சொல்லிவிட்டு நடந்தேன். செருப்பை எடுக்கக் குனிந்தபோது உள்ளே பெஞ்சு தெரிந்தது, நான் துடைத்த தூசி அதன்மேல் விழுந்து கிடந்தது, பலகையின் அடிப்புறம் வெளியிலிருந்து தெரியாது. போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவன் படியிலேயே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான், வாங்கிப் பெட்டியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து மூடினான், எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான், ஆளில்லாத டிரைவர் சீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அப்பா, எல்லாருதும் ஏத்தியாச்சுங்க."

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு நகர்வதற்காகக் காத்திருந்தேன்.